ஜன்னலுக்கு வெளியே நின்ற பேரன்

கேள்வி: நான் விஸ்காம் இறுதி ஆண்டு மாணவன். எங்கள் கல்லூரி நாடகக் குழு அடுத்த மாதம் ஒரு நாடகம் போடுகிறது. பெற்ற தாயை முதியோர் இல்லத்துக்கு அனுப்பும் மகனின் கதை. டிரெய்லர் எடுத்து எடிட் செய்யும் பொறுப்பு என்னுடையது. மூன்று ராத்திரி கண் விழித்து 2 நிமிடம் 40 செகண்டுக்கு முடித்தேன். இயக்கும் நண்பன் ஒரு நிமிடமாகக் குறைக்கச் சொல்கிறான். முதலில் தன் பெயர்தான் வர வேண்டுமாம். அம்மாவாக நடிக்கும் இரண்டாம் ஆண்டுப் பெண், தான் நாலு செகண்ட்தான் வருவதாகக் கோபித்துக்கொண்டு பேசுவதில்லை. குளோசப்பில் அவளுக்கு அழுகையே வரவில்லை, நான் என்ன செய்வேன்? போன வருஷம் தாத்தாவின் திதி அன்று எங்கள் ஆச்சி அடுப்படியில் தனியாக உட்கார்ந்து அழுததை ஜன்னல் வழியாக மொபைலில் எடுத்து வைத்திருந்தேன். மகன் கதவைச் சாத்தும் ஷாட்டுக்கு அடுத்து அதைப் பத்து செகண்ட் சேர்த்தேன். குழுவில் எல்லாரும் பாராட்டுவதே அந்த ஷாட்டைத்தான். ஆச்சிக்கு போன் பார்க்கத் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை. உழைப்புக்கு மரியாதை இல்லாத இடத்தில் நான் ஏன் இருக்க வேண்டும்? டிரெய்லரைக் கொடுக்காமல் விலகிவிடலாமா?

– பெயர் வெளியிட வேண்டாம், திருநெல்வேலி

பதில்: தம்பி, கல்லூரிக் குழுச் சண்டைகள் எனக்கு வாராவாரம் வருகின்றன. போஸ்டரில் முகம் சின்னதாகப் போய்விட்டது, மைக்கை எனக்குத் தரவில்லை, பெயரை விட்டுவிட்டார்கள் என்று. உன் சண்டைக்கும் பதில் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால், நீ போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியைத் தாண்டி என்னால் வர முடியவில்லை. "ஆச்சிக்கு போன் பார்க்கத் தெரியாது, அதனால் பிரச்சினை இல்லை."

யாருக்குப் பிரச்சினை இல்லை?

உன் மொபைலைத் திறந்து அந்த வீடியோ மொத்தம் எவ்வளவு நேரம் என்று பார். பத்து செகண்ட் பயன்பட்டிருக்கிறது என்றால் எடுத்தது அதைவிட நீளமாகத்தான் இருக்கும். நாற்பது செகண்டோ, ஒன்றரை நிமிஷமோ. அவ்வளவு நேரமும் நீ ஜன்னலுக்கு வெளியே நின்றிருக்கிறாய். கை ஆடாமல் பிடித்திருக்கிறாய். கம்பி குறுக்கே வராமல் இருக்க ஓர் அடி தள்ளிக்கூட நின்றிருப்பாய். உள்ளே ஒரு வயதான மனுஷி, புருஷன் போன நாளில், படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட்டு எழுந்தபிறகு, யார் கண்ணிலும் படக் கூடாது என்று அடுப்படிக்குள் வந்து உட்கார்ந்து அழுகிறார். உன் வீடுதான், உன் ஆச்சிதான். கதவு எந்தப் பக்கம் என்று உனக்குத் தெரியும். நீ போகவில்லை.

செய்திப் படம் எடுப்பவர்கள் இதைச் செய்வதில்லையா என்று கேட்பாய். செய்கிறார்கள். அவர்கள் அங்கே அந்நியர்கள், நடந்ததை ஊருக்குக் காட்ட வந்தவர்கள். நீ பேரன். அந்த அடுப்படியில் உனக்கு இருந்த வேலை வேறு. ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டு கொடுத்துவிட்டுப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பதுதான் அது.

என் தங்கை கல்யாணத்தில் வீடியோ எடுத்தவர் ஒரு காரியம் செய்தார். அப்போதெல்லாம் வி.எச்.எஸ். கேசட். ஒரு பையன் வயரை இழுத்துக்கொண்டு, முகம் பொசுங்குகிற மாதிரி ஒரு லைட்டைத் தூக்கிப் பிடித்தபடி கூடவே வருவான். மணப்பெண் வண்டி ஏறியபிறகு அப்பா மண்டபத்துத் தூணுக்குப் பின்னால் போய் நின்று துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்த லைட் தூணைச் சுற்றிக்கொண்டு அங்கேயும் போனது. கேசட் வந்தபோது அந்தக் காட்சி மெதுவாக ஓடியது, பின்னால் ஒரு சோகப் பாட்டு. வீட்டில் யார் வந்தாலும் கேசட்டைப் போடுவோம். அந்த இடம் வரப்போகிறது என்று தெரிந்ததும் அப்பா எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார். ஏழெட்டுத் தடவை பார்த்தபிறகுதான் அம்மாவே அதைக் கவனித்தார். கேட்டதற்கு, "அது என் துண்டுக்குள்ள நடந்தது" என்று மட்டும் சொன்னார் அப்பா. அந்தக் கேசட்டை அதற்கப்புறம் நாங்கள் போடவில்லை.

நீ அந்த வீடியோக்காரரைவிட ஒரு படி மேலே போயிருக்கிறாய். லெவ் குலெஷோவ் என்ற சினிமா இயக்குநரின் பெயரை உங்கள் வகுப்பில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். சுமார் நூறு வருஷம் முன்னால் ரஷ்யாவில் ஒரு நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை எடுத்து, சூப் கிண்ணத்துக்கு அடுத்து ஒட்டினார், சவப்பெட்டிக்கு அடுத்தும் ஒட்டினார். பார்த்தவர்கள் முதலாவதில் பசியையும் அடுத்ததில் துக்கத்தையும் கண்டார்கள் என்பது பாடம். ஒரு ஷாட்டுக்கு அர்த்தம் பக்கத்து ஷாட்டிலிருந்து வருகிறது. நீ பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருப்பாய்.

இப்போது உன் டிரெய்லரைப் பார். மகன் கதவைச் சாத்துகிறான். அடுத்த ஷாட்டில் உன் ஆச்சி அழுகிறார். தாத்தாவுக்காக வந்த கண்ணீரைப் பிள்ளை துரத்தியதால் வந்த கண்ணீராக நீ மாற்றிவிட்டாய். ஆச்சியின் மகன் உன் அப்பாவா, தாய்மாமனா என்று நீ எழுதவில்லை. யாராக இருந்தாலும், கல்லூரி சேனலில் இது ஏறிய அன்று ராத்திரியே உறவுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் சுற்றும். "பெரியம்மாவை அந்த வீட்டில் எப்படி வைத்திருக்கிறார்கள் பாருங்கள்" என்று யாராவது ஒருவர் சொன்னால் போதும். அந்த மனிதர் எத்தனை பேரிடம் போய் "அது நாடகம்" என்று விளக்கிக்கொண்டிருப்பார்? ஆச்சிக்கு போன் பார்க்கத் தெரியாவிட்டால் என்ன, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குத் தெரியும். திண்ணையில் வந்து உட்கார்ந்து அவளே காட்டுவாள்.

வயதானவர்களைத் தனியாக விட்டுவிடுவதைப் பற்றி நாடகம் போடுகிறீர்கள். நல்ல விஷயம், போட வேண்டிய விஷயம். அதற்காக வீட்டில் இருக்கும் ஒரு கிழவியின் கண்ணீரை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொள்ள உங்களுக்கு உரிமை வந்துவிடாது. பெரியவர்களுக்கு நாம் செய்ய வேண்டியது சோறும் மருந்தும் மட்டும் இல்லை. அவர்கள் மறைக்க நினைப்பதை மறைத்து வைப்பதும் நம் கடமை. இதில் எனக்கு இரண்டாவது யோசனையே கிடையாது.

அந்த ஷாட்டை இன்றைக்கே வெட்டு. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை நாள் கடந்தபின் எல்லாரிடமிருந்தும் திரும்ப எடுக்க முடியாது. அதனால் பார்த்த ஒவ்வொருவரையும் நேரில் பிடித்து, அவர்கள் மொபைலிலிருந்து அழிக்கச் சொல். காரணத்தையும் சொல். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும், பரவாயில்லை. அப்புறம் ஆச்சியிடம் போய் எடுத்ததைக் காட்டு. "அழி" என்றால் கேலரியில் மட்டும் அழித்தால் போதாது, குப்பைத் தொட்டியிலும் கிடக்கும், அங்கேயும் அழி. "இருக்கட்டும்" என்றால் அது உங்கள் வீட்டோடு இருக்கட்டும். ஒருவேளை "நாடகத்துக்கு வேணும்னா போட்டுக்கோ ராசா" என்று சொல்லலாம். சொல்வார். பேரன் கேட்டு எந்த ஆச்சி இல்லை என்றிருக்கிறார்? அந்தச் சம்மதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எடிட்டுக்கு ஓடாதே.

அந்தப் பத்து செகண்ட் இடத்தில் என்ன போடுவது என்கிறாயா? அது அந்தப் பெண்ணுடைய இடம். நாலு செகண்ட்தான் வருகிறேன் என்று அவள் கோபப்படுவது நியாயம். ஒத்திகையில் நாள்கணக்காக நின்றவள் அவள், அவள் காட்சியில் வேறொருவரின் முகத்தை வைத்துவிட்டு "அவளுக்கு அழுகை வரவில்லை" என்கிறாய். கடைசி வரிசைக்குத் தெரியும்படி நடிக்கப் பழகியவளின் மூக்குக்கு முன்னால் மொபைலை நீட்டினால் தலையில் பூசிய பவுடர்தான் தெரியும். அமெரிக்காவில் முதல் டிரெய்லர் என்று சொல்லப்படுவதே மேடைக்காக எடுத்ததுதான். 1913இல் நில்ஸ் கிரான்லண்ட் என்பவர் நியூயார்க்கில் நடக்கவிருந்த ஓர் இசை நாடகத்தின் ஒத்திகையைப் படம் பிடித்துத் திரையரங்கில் ஓட்டினார். உன்னிடமும் ஒத்திகை இருக்கிறது.

அவளை முதுகுப் பக்கமிருந்து எடு. மகன் போனபிறகு முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்க்கும் கையை மட்டும் எடு. ஒத்திகை அறையில் டியூப் லைட் எரிந்தால் கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 செகண்டில் பூட்டிவிடு. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், வேறு வேகத்தில் வைத்தால் படத்தில் பட்டை பட்டையாக ஓடும். ஃபேனை நிறுத்து. இன்னொரு மொபைலை அவள் இடுப்பில் செருகிக் குரலைத் தனியாகப் பதிவு செய், தொடங்கும்போது ஒரு கைதட்டு. அந்தத் தட்டை வைத்து எடிட்டில் ஒலியையும் படத்தையும் சேர்த்துவிடலாம். தாழ்ப்பாள் விழும் சத்தம், இருட்டு, இருட்டில் அவள் பேசும் ஒரே ஒரு வரி. கண்ணீர் எதற்கு?

சரி, உன் சண்டை. நண்பன் சொல்வது சரி, 2 நிமிடம் 40 செகண்ட் அதிகம், ஒரு நிமிடம் போதும். நாடகம் அவனுடையது, அவன் பெயர் முதலில் வரட்டும், படத்தொகுப்பு என்று உன் பெயர் கடைசியில் வரட்டும். அந்தப் பெண்ணிடம் நீயே போய்ப் பேசு. விலகுகிற பேச்சே வேண்டாம். ஒப்புக்கொண்ட வேலையை நாடகத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது நடுவில் போட்டுவிட்டுப் போகிறவனுக்கு நான் பரிந்து பேச மாட்டேன்.

ரெக்கார்டிங்கை நிறுத்தியபிறகு என்ன செய்தாய் என்று உன் கடிதத்தில் இல்லை. உள்ளே போனாயா, அப்படியே திரும்பிவிட்டாயா? அதை எனக்கு எழுத வேண்டாம். மத்தியானச் சாப்பாடு முடித்து ஆச்சி எங்கே உட்காருவார் என்று உனக்குத் தெரியும். போய் உட்கார்ந்து, முதலில் தாத்தாவைப் பற்றிக் கேள். மொபைலை அப்புறம் எடு.