வேலையை விட்டுவிட்டு கட்டடக்கலை வரலாற்றில் பிஎச்.டி. செய்யலாமா?

கேள்வி: வயது 31. எம்.ஆர்க் முடித்து சென்னையில் ஒரு ஆர்க்கிடெக்ட் அலுவலகத்தில் வேலை செய்கிறேன், கைக்கு வருவது 72,000. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்ட் ராபர்ட் சிஷோம் மெட்ராஸில் கட்டிய கட்டடங்களைப் பற்றி ஆய்வு செய்ய ரூர்க்கி ஐஐடியில் உதவித்தொகையுடன் இடம் கிடைத்திருக்கிறது. எஃப்.டி. 6 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 4 லட்சம் இருக்கிறது. கார் கடன் பாக்கி 1.5 லட்சம், இஎம்ஐ 11,000. அம்மாவுக்கு மாதம் 10,000 அனுப்புகிறேன். அங்கே என் செலவு 20,000 ஆகலாம். துணியலாமா?

பதில்: தாராளமாகப் போங்கள், கார் கடனை மட்டும் முடித்துவிட்டுப் போங்கள். உதவித்தொகை முதல் 2 ஆண்டு 37,000, அப்புறம் 42,000. பொதுவாக இதற்கு வருமான வரி கிடையாது. உங்கள் செலவும் அம்மாவுக்கு அனுப்புவதும் போக 7,000 மிஞ்சும். இஎம்ஐ இருந்தால் அதுவும் போய் மாதம் 4,000 துண்டு விழும். எஃப்.டி.யிலிருந்து எடுத்து அடைத்துவிடுங்கள்.

மீதி 4.5 லட்சத்தைத் தொடவே கூடாது. உதவித்தொகை 5 ஆண்டோடு நின்றுவிடும், ஆனால் ஆவணங்களைத் தேடி எழுதும் ஆய்வு பல நேரம் அதையும் தாண்டி இழுக்கும், அதற்கப்புறம் வேலை கிடைக்கும் வரை சில மாதங்கள் வேறு. இந்தத் துறைக்கு வருகிறவர்களுக்கு உண்மையான நெருக்கடி அப்போதுதான். மாதம் 30,000 என்றால் இந்தப் பணம் 15 மாதம் தாங்கும். சிஷோம் காலத்து அரசு ஆவணங்களுக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தோடு லண்டன் பிரிட்டிஷ் நூலகமும் போக வேண்டியிருக்கும், அதற்கும் சேமிப்பில் கை வைக்காதீர்கள், இந்தியர்கள் பிரிட்டன் போய் ஆய்வு செய்ய உதவும் சார்லஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட் போன்ற இடங்களில் பயண நிதிக்கு விண்ணப்பியுங்கள்.

அலுவலக மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே உங்களுக்கும் அம்மாவுக்கும் தனி பாலிசி எடுத்துவிடுங்கள், பிரீமியத்துக்கு அந்த 7,000 இருக்கிறது. பி.எஃப். பணத்தை எடுக்காமல் அப்படியே விடுங்கள், ஃபண்டையும்தான்.

பிறகு வருமானம்? பி.ஆர்க் படிப்பில் கட்டடக்கலை வரலாறு கட்டாயப் பாடம், அதனால் ஆசிரியர் தேவை இருந்துகொண்டே இருக்கும். அரசுக் கல்வி நிறுவனத்தில் உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. தனியார் கல்லூரிகள் பலவற்றில் இதைவிடக் குறைவாகத்தான் தருவார்கள், அதை இப்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பழைய கட்டடங்களை ஆவணப்படுத்துவது, புனரமைப்புக்கு ஆலோசனை சொல்வது என்று பக்க வருமானமும் வரும், ஆகவே ஆர்க்கிடெக்சர் கவுன்சில் பதிவைக் காலாவதியாக விடாமல் புதுப்பித்துக்கொண்டே இருங்கள்.