கையில் 40,000 ரூபாய் இருக்கிறது. கடலூரில் வீட்டிலேயே பியூட்டி பார்லர் தொடங்கலாமா? யாராவது ஒரு சொல் சொன்னாலே மனசு விட்டுப்போகும் எனக்கு இது சரிவருமா?

தொடங்கலாம், ஆடியில் மட்டும் வேண்டாம். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் கடலூர் மழை யாரையும் வாசல் தாண்ட விடாது. திறந்த முதல் மாதமே நாற்காலி காலியாகக் கிடந்தால் ‘நம்ம ராசி இவ்வளவுதான்’ என்று தோன்றிவிடும். ஆவணியிலோ தையிலோ திறங்கள். மனசு விட்டுப்போவதாகச் சொல்கிறீர்களே, இந்தத் தொழிலில் அதில் பாதியை இப்படி முன்கூட்டியே கணக்குப் போட்டுத் தடுத்துவிடலாம்.

பணத்தை முதலில் பிரியுங்கள். 10,000 ரூபாயைத் தனி அக்கவுண்டில் போட்டுத் தொடாமல் வையுங்கள். சாமான்களுக்கு 20,000-ஐத் தாண்ட வேண்டாம்: சாயும் நாற்காலி, சுவர்க் கண்ணாடி, அதன் இரு பக்கமும் வெள்ளை எல்இடி, வேக்ஸ் ஹீட்டர், ஸ்டீமர், டிராலி, நல்ல கத்தரிக்கோல் ஒன்று. மீதி 10,000 நூல், வேக்ஸ், ஸ்ட்ரிப், கரண்ட் பில் என்று மூன்று மாதத்துக்கு. ஸ்மூத்னிங், ஹேர் கலர் பக்கம் இப்போது போகவே வேண்டாம். ஆள் வராவிட்டால் டியூப்கள் தேதி முடிந்து குப்பைக்குப் போகும். அதோடு கடலோரத் தெருக்களில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் ஷாம்பு நுரைக்காது, அலசிய முடி சொரசொரவென்று நிற்கும். பழி உங்கள் கைமேல் விழும்.

அந்தத் தண்ணீரை ஸ்டீமரிலும் ஊற்றாதீர்கள். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் படிந்து, ஆவியோடு கொதிநீரையும் துப்ப ஆரம்பிக்கும். முகத்தில் பட்டால் கொப்புளம்தான். கேன் தண்ணீரை அளவுக்கோட்டைத் தாண்டாமல் ஊற்றுங்கள். முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்தால் ஐந்து நிமிடம் தாராளம்.

தினசரி சோறு போடுவது த்ரெட்டிங்கும் வேக்ஸிங்கும்தான். புருவத்துக்கு 50 ரூபாய் என்று வைத்தாலும் நூல் செலவு கணக்கிலேயே வராது, போனவர் அடுத்த மாதம் திரும்பி வருவார். ஒரு கையால் நெற்றியையும் மறு கையால் இமையையும் அவரே இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடி தளர்ந்தால் நூல் தோலைக் கிள்ளிவிடும். நூலை வாயில் கடிக்காமல் கழுத்தில் கட்டிக்கொண்டு எடுக்கப் பழகுங்கள், ஒருவருக்கு எடுத்த நூல் அடுத்தவருக்குக் கூடாது.

வேக்ஸ் தேன் பதத்தில் இருக்கட்டும். உங்கள் மணிக்கட்டின் உள்பக்கம் தொட்டுப் பார்த்த பிறகே அவர் கைக்குப் போக வேண்டும். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்த்த தோலில் அது பிடிக்காது. துடைத்து, லேசாகப் பவுடர் போட்டு, முடி வளரும் திசையில் தடவி, எதிர்த்திசையில் தோலை ஒட்டியே இழுங்கள். மேல்நோக்கித் தூக்கினால் முடி பாதியில் அறுந்து ரத்தப் புள்ளி வரும். முகத்தில் கை வைக்கும் முன், ‘பருவுக்கு, மங்குக்கு ஏதாவது கிரீம் போடுறீங்களாக்கா?’ என்று கேட்டே ஆக வேண்டும். ட்ரெட்டினாயின் போன்ற கிரீம் போடும் முகத்தில் வேக்ஸ் செய்தால் தோலும் சேர்ந்து உரிந்து வரும்.

அடுத்த வரும்படி மணப்பெண் அலங்காரம். கடலூர் பக்கத்துத் திருவந்திபுரம் கோயிலில் முகூர்த்த நாளில் ஒன்றன்பின் ஒன்றாகக் கல்யாணம் நடக்கும். விடியற்காலை முகூர்த்தம் என்றால் இரண்டரை மணிக்கே நீங்கள் அங்கே இருக்க வேண்டும். அந்த நேரத்து ஆட்டோ கட்டணத்தையும் ரேட்டில் சேர்த்துச் சொல்லுங்கள். பாதிப் பணம் தேதி குறிக்கும்போது, மீதி பெண் நாற்காலியில் உட்காரும் முன். மேக்கப் முடிந்த பிறகு மண்டப நெரிசலில் மாமாவைத் தேடி அலையக் கூடாது. கல்யாணத்துக்கு முந்தின நாள் புது ஃபேஷியலோ பிளீச்சோ வேண்டாம், பத்து நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

இனி பேச்சு. ‘புருவம்தானே, சும்மா எடுத்துவிடேன்’ என்று உறவுக்காரர்கள் வருவார்கள். அதனால் ரேட் அட்டை முதல் நாளே சுவரில் தொங்கட்டும், ‘எல்லாருக்கும் இதுதான் சித்தி’ என்று அதைக் காட்டுவது வாய்விட்டு மறுப்பதைவிட எளிது. ‘கோணலாப் போச்சு’ என்ற புகார் பெரும்பாலும் வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்த்த பிறகுதான் வரும். ஒரே மாதிரி இரண்டு புருவம் யாருக்குமே கிடையாது. தொடங்கும் முன்பே கண்ணாடியைக் கையில் கொடுத்து, எந்தப் பக்கம் ஏறியிருக்கிறது என்று காட்டிவிடுங்கள். அப்படியும் குறை சொன்னால் தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். ‘இடது வால் மெலிந்துவிட்டது’ என்பது வேலையைப் பற்றிய குறை, திருத்தலாம். ‘நீயெல்லாம் ஒரு பியூட்டிஷியனா’ என்பதை எழுத எந்தக் கட்டமும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாள் அடைத்தே ஆக வேண்டும். செவ்வாயன்று முடி வெட்ட நம்மவர்கள் தயங்குவார்கள், அந்த நாளே லாபம். இரண்டு வாரமாகத் தூக்கமில்லை, அழுகை வருகிறது என்றால் தொழில் அலுப்பு என்று தள்ளிப் போடாமல் 14416-ஐ அழையுங்கள். அது அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

கை இன்னும் பழகவில்லை என்றால் வங்கிகள் நடத்தும் ஆர்செட்டி என்ற ஊரக சுயதொழில் பயிற்சி மையங்களில் அழகுக்கலைப் பயிற்சி இலவசம். கடனை முதல் ஆறு மாதம் நினைக்கவே வேண்டாம். அதன்பின் வரவு செலவு நோட்டோடு போனால் மத்திய அரசின் முத்ரா கடன் திட்டத்தில் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை ஜாமீன் இல்லாமல் கேட்கலாம். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு அரசுத் தளத்தில் கட்டணம் எதுவும் இல்லை. பணம் கேட்கும் பக்கம் திறந்தால் மூடிவிடுங்கள்.