மூலையில் இருக்கும் மூக்கு

அன்புள்ள சார்,

வேலை விஷயமாக ஹாங்ஜோ போயிருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா கிடைத்தது, லியாங்ஜு அருங்காட்சியகத்துக்குப் போனேன். வெளியே சதுரம், உள்ளே வட்டத் துளை என்று கல்லில் செய்த குழாய்களை வரிசையாக வைத்திருந்தார்கள். ட்சோங் என்று பெயராம். கூட வந்த சீன நண்பர், 'வட்டம் வானம், சதுரம் பூமி, இரண்டையும் இணைக்கும் சடங்குப் பொருள்' என்றார். கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் என்னவென்று புரியாததையெல்லாம் தொல்லியல்காரர்கள் 'சடங்குப் பொருள்' என்று எழுதிவிடுவார்கள் என்று நீங்களே ஒருமுறை கிண்டல் செய்திருக்கிறீர்கள். இதுவும் அப்படித்தானா? இரும்பே இல்லாத காலத்தில் மரகதத்தில் எப்படி இவ்வளவு நுணுக்கமாகச் செதுக்கினார்கள்? கடையில் ஐந்தடுக்கு மாதிரி ஒன்று வாங்கி வந்தேன். ஒரு முனை கொஞ்சம் அகலம். எது மேலே வர வேண்டும் என்று வீட்டில் சண்டை.

கே., சிங்கப்பூர்

அன்புள்ள கே.,

முதலில் ஒரு திருத்தம். அது மரகதம் இல்லை, ஜேட். ஜேட்டை மரகதம் என்று எழுதி எழுதி நம் பத்திரிகைகள் பழக்கிவிட்டன. மரகதம் பெரில் என்ற கனிமக் குடும்பம். லியாங்ஜு மக்கள் (சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முன் சீனாவின் யாங்சி ஆற்று முகத்துவாரப் பக்கம் வாழ்ந்தவர்கள்) கையாண்டது நெஃப்ரைட் என்ற வேறு கல். அது எப்போதும் பச்சையாக இருக்கும் என்றும் இல்லை. மண்ணுக்குள் கிடந்து வெளுத்து, எலும்பு நிறத்துக்கு வந்துவிட்டவை நிறைய உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

இரும்பு விஷயம். இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்லை. கல்லின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவில் நெஃப்ரைட் 6 முதல் 6.5. சாதாரண இரும்புக் கத்தி அதில் கீறல்கூடப் போடாது. சரி, உளி வைத்துத் தட்டலாமே என்றால் தெறிக்கவும் தெறிக்காது. உள்ளே இழைகள் தேங்காய் நார் மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அம்மி கொத்துகிறவர் இதன் முன்னால் உட்கார்ந்தால் உளிதான் மழுங்கும். ஆகவே 'செதுக்கினார்கள்' என்பதைவிட 'தேய்த்தார்கள்' என்பதே சரி. குவார்ட்ஸ் மணலின் கடினம் 7. மணலும் தண்ணீரும் விட்டு, கயிற்றை முன்னும் பின்னும் இழுத்தே கல்லை அறுத்திருக்கிறார்கள். அறுப்பது கயிறு இல்லை, கயிற்றோடு ஓடுகிற மணல். துளையும் அப்படித்தான். மூங்கில் போன்ற ஒரு குழாயை மணலோடு சுழற்றிச் சுழற்றி இரண்டு முனையிலிருந்தும் உள்ளே போயிருக்கிறார்கள். நடுவில் சந்திக்கும் இடம் நூல் பிடித்தாற்போல் அமையாதபோது சின்னதாக ஒரு படி நின்றுவிடும். அடுத்த முறை போனால் குனிந்து துளைக்குள் பாருங்கள். எனக்கு வெளியே இருக்கும் முகங்களைவிட அந்தப் படிதான் பிடிக்கும்.

இப்போது உங்கள் நண்பரின் வானமும் பூமியும். நீலப் 'பி'யால் வானத்தை வழிபடு, மஞ்சள் ட்சோங்கால் பூமியை வழிபடு என்று 'ஜௌ லி' என்கிற சடங்கு நூலில் ஒரு வரி வருகிறது. (பி என்பது நடுவில் துளையுள்ள வட்டத் தட்டு.) விளக்கம் முழுக்க அங்கிருந்து கிளம்பியதுதான். லியாங்ஜு பண்பாடு ஏறத்தாழ கி.மு. 3300 முதல் 2300 வரை. அந்த நூல் தொகுக்கப்பட்டது அதற்குச் சுமார் 2000 ஆண்டுகள் கழித்து. போதாததற்கு, இந்தக் கற்கள் இவ்வளவு பழையவை என்பதே 1973 வரை யாருக்கும் தெரியாது. அந்த ஆண்டு ஜியாங்சு மாகாணத்தில் ஒரு லியாங்ஜு கல்லறையிலிருந்து ட்சோங் எடுத்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை எல்லாம் ஜௌ காலம், ஹான் காலம் என்று பிற்காலச் சீன அரச வம்சங்களின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது.

நூலை மூடிவிட்டுக் கல்லைப் பார்த்தால் வேறு கதை தெரிகிறது. ஆரம்பகால ட்சோங்குகள் சதுரமே இல்லை. வட்டமான, வளையல் மாதிரியான உருளைகள். அவற்றின் மேல் நான்கு இடத்தில் கொஞ்சம் புடைத்த கட்டம், கட்டத்துக்குள் ஒரு முகம். பிறகு முகத்தின் நடுக்கோடு, அதாவது மூக்கு, மெல்ல மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு வருகிறது. கட்டம் இரண்டு பக்கமும் மடிகிறது. மூக்கு மூலையாகிறது, கண்கள் ஆளுக்கொரு பக்கம் போய்விடுகின்றன. நான்கு முகம், நான்கு மூக்கு, நான்கு மூலை. சதுரம் வந்தது இப்படி. யாரும் பூமியை நினைத்துச் சதுரம் போடவில்லை. ட்சோங்கை நேராக நின்று பார்த்தால் பாதிப் பாதி முகம்தான் கிடைக்கும். மூலைக்கு எதிரே போய் நின்றால் முழு முகமும் உங்களைப் பார்க்கும். காட்சிப் பெட்டியில் சுவருக்கு இணையாக வைப்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை என்பது என் நெடுநாள் புகார்.

அந்த முகம் யாருடையது? 1986இல் ஹாங்ஜோ பக்கம் ஃபன்ஷான் மேட்டில் 12ஆம் எண் கல்லறையில் கிடைத்த ட்சோங் 6.5 கிலோ எடை, உயரம் 8.9 சென்டிமீட்டர்தான். அதன் மேல் தீப்பெட்டிகூட மூடிவிடும் அளவில் ஓர் உருவம்: இறகுக் கிரீடம் வைத்த மனிதன், அவனுக்குக் கீழே உருண்டைக் கண்ணோடு ஒரு விலங்கு. ஒரு மில்லிமீட்டருக்குள் பல கோடுகள். மனிதனின் கைகள் விலங்கின் கண்களைத் தொட்டுக்கொண்டிருக்கின்றன. தோண்டியவர்களே முதலில் அந்தக் கைகளைப் பார்க்கவில்லை, புகைப்படத்தில்தான் கண்டுபிடித்தார்கள். கோடுகளைக் கீறியது சுறாமீன் பல் என்று ஒரு தரப்பு, கூரான கல் என்று இன்னொரு தரப்பு. நான் கல் கட்சி.

சடங்குதானா என்றால், ஆமாம், இந்த முறை கிண்டலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். ஜியாங்சுவில் இன்னொரு கல்லறை. சுமார் 20 வயது ஆண் ஒருவனைச் சுற்றி 33 ட்சோங், 24 பி. சிலவற்றில் தீப்பட்ட தடம். யாங்சி முகத்துவாரப் பிரதேசம் பூராவும் அதே முகம், ஊருக்கு ஊர் மாறாமல். வீட்டுச் சாமானை யாரும் இப்படிச் செய்யமாட்டார்கள்.

கடைசியாக உங்கள் வீட்டுச் சண்டை. அகலமான முனைதான் மேலே. விழுந்துவிடுமோ என்று தோன்றும், ஆனாலும் அதுதான் முறை. சந்தேகமிருந்தால் முகத்தைப் பாருங்கள், வட்டக் கண்ணுக்குக் கீழே மூக்குப் பட்டை வர வேண்டும். தோற்றவர் வருத்தப்பட வேண்டாம். 18ஆம் நூற்றாண்டின் சீனப் பேரரசர் ச்சியென்லோங் ட்சோங்கைப் பல்லக்குத் தண்டின் நுனியில் மாட்டும் பூண் என்று நினைத்தார், நம் உலக்கைப் பூண் மாதிரி. அதன் மேல் தன் கவிதையைப் பொறிக்கவும் சொன்னார். தைப்பேய் அருங்காட்சியகத்தில் இருக்கிற ஒன்றில் கவிதை நேராக இருக்கிறது, முகங்கள் தலைகீழாக நிற்கின்றன. சிலவற்றுக்கு உள்ளே உலோகக் குவளை பொருத்தி வேறு வைத்துக்கொண்டார். அதனால் நீங்கள் அதில் பேனா போட்டு வைத்தாலும் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.