ரேபிஸ் வைரஸைக் கொண்டு நியூரான் இணைப்புகளைக் கண்டறிதல்: கேள்வி பதில்

கேள்வி: ஒரு நியூரானுக்கு, அதாவது நரம்புச் செல்லுக்கு, எந்தெந்த நியூரான்கள் செய்தி அனுப்புகின்றன என்று அறிய ரேபிஸ் வைரஸைப் பயன்படுத்துகிறார்களாமே, உண்மையா?

பதில்: உண்மைதான். செய்தி வரும் திசைக்கு எதிராக, ஒரு நியூரானிலிருந்து அதற்குச் செய்தி அனுப்பும் நியூரானுக்குத் தாவுவது அந்த வைரஸின் இயல்பு. ஆனால் அது தாவிக்கொண்டே போனால், வைரஸ் சென்றடைந்த நியூரான் நேரடியாக இணைந்ததா, இடையில் வேறொன்று இருக்கிறதா என்று பிரித்தறிய முடியாது. கலிபோர்னியாவின் சால்க் ஆய்வு நிறுவனத்தில் இயன் விக்கர்ஷாம், எட்வர்ட் கேலவே ஆகியோரின் குழு 2007-இல் இதற்கு வழி கண்டது. வைரஸின் மேலுறையிலுள்ள ஜி புரதத்துக்கான மரபணுவை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் பச்சையாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்தனர். ஜி புரதம் இல்லாத வைரஸ் செல்லுக்குள் பெருகுமே தவிர, அடுத்த நியூரானுக்குப் பரவாது. தேர்ந்தெடுத்த நியூரானில் மட்டும் அப்புரதத்தை நாமே உண்டாக்கிக் கொடுத்தால் ஒரு படி தாவும். தாவிய இடத்தில் அப்புரதம் இல்லாததால் வைரஸ் அங்கேயே நின்றுவிடும்.

கேள்வி: கோடிக்கணக்கான நியூரான்களுக்கு நடுவே, நாம் விரும்பும் நியூரானில் மட்டும் வைரஸ் நுழைவது எப்படி?

பதில்: என் கணிப்பில் இம்முறையின் அழகே இங்குதான் இருக்கிறது. வைரஸுக்குப் பறவைகளைத் தாக்கும் ஒரு வைரஸின் மேலுறைப் புரதத்தை அணிவிக்கிறார்கள். அந்தப் புரதம் ஒட்டிக்கொண்டு வைரஸ் உள்ளே நுழைய உதவும் டிவிஏ என்னும் ஏற்பி பாலூட்டிகளின் செல்களில் கிடையாது. ஆகவே, குறிப்பிட்ட வகை நியூரான்களில் மட்டும் டிவிஏவும் ஜி புரதமும் உண்டாகும்படி மரபணுக்களை முன்கூட்டியே செலுத்தி, சில வாரங்கள் கழித்து ரேபிஸ் வைரஸைச் செலுத்துகிறார்கள். தொடக்க நியூரான்களுக்குச் சிவப்பு ஒளிர்வும் கொடுக்கப்பட்டிருப்பதால், மூளைச் சீவலை நுண்ணோக்கியில் பார்க்கும்போது அவை இரு நிறமும் கலந்து மஞ்சளாகவும், அவற்றுக்குச் செய்தி அனுப்புபவை வெறும் பச்சையாகவும் தெரியும்.

கேள்வி: பச்சையாக ஒளிராத நியூரானுக்கு இணைப்பு இல்லை என்று முடிவு செய்யலாமா?

பதில்: கூடாது. இணைந்துள்ள நியூரான்களில் ஒரு பகுதிக்கு மட்டுமே வைரஸ் தாவுகிறது. ஒளிர்வது இணைப்புக்குச் சான்று. அந்த இணைப்பு வலுவானதா, தூண்டுவதா, அடக்குவதா என்பதை மின்பதிவு போன்ற வேறு சோதனைகளால்தான் அறிய வேண்டும். மேலும், இந்த வைரஸ் தான் புகுந்த செல்லைக் காலப்போக்கில் கொன்றுவிடுவதால், நீண்டநாள் கவனிப்புக்குப் பழைய வகை உதவாது. நச்சுத்தன்மை குறைந்த வகைகள் பின்னர் உருவாக்கப்பட்டன.

கேள்வி: மனிதர்களிடம் செய்வார்களா?

பதில்: உயிருள்ள மனிதர்களிடம் செய்வதில்லை, பெரும்பாலும் சுண்டெலிகளில்தான்.

கேள்வி: ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான நியூரான்களைத் தனித்தனியாகப் பின்தொடர முடியுமா?

பதில்: நிறங்களால் முடியாது, ஆர்என்ஏவின் எழுத்துகளான நியூக்ளியோடைடுகளின் வரிசைகளால் முடியும். கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் ஆந்தனி ஸடோரின் குழு 2016-இல் வெளியிட்ட மேப்செக் முறையில், ஒவ்வொரு நியூரானுக்கும் 30 எழுத்து நீளமுள்ள தற்செயலான ஆர்என்ஏ வரிசை ஒன்று, சிண்ட்பிஸ் வைரஸ் வழியாகத் தரப்படுகிறது. மூளையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எந்த வரிசைகள் உள்ளன என்று படித்தால், எந்த நியூரானின் நீட்சி எங்கெங்கே சென்றது என்பது புலப்படும். அங்கே அது எந்த நியூரானுடன் இணைகிறது என்பதை மட்டும் இம்முறை சொல்லாது.