லாயத்தில் கேமரா ஒளித்து வைக்கலாமா?

சகோதரி, குதிரை இளைக்கிறது, பராமரிப்பவர் புல்லைக் குறைக்கிறாரோ என்ற சந்தேகத்தில் கேமரா ஒளித்து வைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். முதலில் ஒரு தொங்குதராசு வாங்குங்கள். 450 கிலோ குதிரைக்கு நாளுக்கு 7 முதல் 9 கிலோ காய்ந்த புல் தேவை. வலைப்பையோடு அவர் எதிரிலேயே நிறுத்துப் பாருங்கள்.

என் குதிரைக்கு நான் இப்படி நிறுத்தபோது 4 கிலோதான் இருந்தது. கேட்டால், மேலாளர் சொல்லிவைத்த அளவே ‘ரெண்டு கை’யாம்! பாவம், அந்த மனிதரை ஒரு மாதமாக முறைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அப்புறம் கரும்பலகையில் கிலோ கணக்கு எழுதச் சொன்னேன், பிரச்சினை தீர்ந்தது.

புல்லின் எடை சரியாக இருந்தால், கால்நடை மருத்துவரிடம் பல்லையும் குடற்புழுவையும் பார்க்கச் சொல்லுங்கள். கோலாலம்பூர் வெக்கையில் சில குதிரைகளுக்கு வியர்வையே நின்றுவிடும். சவாரி முடிந்தும் தோல் காய்ந்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.

பராமரிப்பவருக்குத் தீபாவளி அங்பாவ் (உறையில் வைத்துத் தரும் அன்பளிப்புப் பணம்) தாராளமாகக் கொடுங்கள், ஆனால் மேலாளருக்குத் தெரிந்தே.