எந்த ஊசிக்குப் போவது? உறைந்த தோள் பற்றி ஒரு வாசகிக்குப் பதில்

கொக்குவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 52. எட்டு வருடமாக நீரிழிவு, குளிசையில் ஓடுகிறது. ஐந்து மாதமாக இடது தோளில் நோ. முதலில் அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியாமல் இருந்ததாம். இப்போது கொண்டை போடக் கை பின்னால் போவதில்லை, மேல்தட்டில் இருக்கும் போத்தலை எட்டி எடுக்க ஏலாது, இரவில் நோ எழுப்பிவிடுகிறது. "கிளினிக்கில் மூட்டுக்குள் ஊசி போடலாம் என்கிறார்கள். பக்கத்து வீட்டு அன்ரி, அந்த ஊசி எலும்பை உருக்கிவிடும் என்கிறா. கனடாவில் இருக்கிற தம்பி, அக்குபஞ்சர் ஊசிக்குப் போ என்கிறான். எந்த ஊசி நல்லது? ஸ்கூட்டி ஓடலாமா?" என்று கேட்கிறார்.

மூன்று பேரும் ஊசி என்று ஒரே சொல்லைத்தான் சொல்கிறார்கள், ஆனால் வெவ்வேறு சாமான்களைப் பற்றிக் கதைக்கிறார்கள். ஒன்று மருந்தை மூட்டுக்குள் கொண்டுபோகும் ஊசி. மற்றது மருந்தே இல்லாத, தலைமயிரை விடக் கொஞ்சம் தடித்த கம்பி. இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

அதற்கு முன், இது உண்மையில் உறைந்த தோள்தானா? வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து மடித்துக்கொண்டு, முன்கையை வெளிப்பக்கமாகத் திருப்புங்கள். பிறகு கையைத் தளர விட்டு, மகளையோ கணவரையோ மெதுவாகத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்கள் திருப்பினாலும் வராது, மற்றவர் திருப்பினாலும் அதே இடத்தில் முட்டி நிற்கிறது என்றால், மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கியிருக்க வாய்ப்பு அதிகம். மற்றவர் தூக்கினால் கை போகிறது, நீங்கள் தூக்கத்தான் முடியவில்லை என்றால், அது தசைநார் கிழிந்த கதையாக இருக்கலாம். அதற்கு வைத்தியம் வேறு. உறைந்த தோளில் எக்ஸ்ரே பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். வேறு கோளாறு இல்லை என்று உறுதிப்படுத்தத்தான் அதை எடுக்கிறோம்.

இடது தோள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. கையை அசைக்கும்போது வராமல், நடக்கும்போதோ படி ஏறும்போதோ நோ வந்து, நின்றால் குறைகிறது, கூடவே நெஞ்சு இறுகுகிறது அல்லது வியர்க்கிறது என்றால் அது தோள் அல்ல, இருதயம். நீரிழிவு உள்ள பெண்களுக்கு மாரடைப்பு இப்படி மாறுவேடத்தில் வருவது உண்டு. அப்போது எந்த ஊசியையும் யோசிக்காமல் நேரே ஆஸ்பத்திரி அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

சரி, உறைந்த தோள்தான் என்று வைத்துக்கொள்வோம். 1934இல் கொட்மன் என்ற அமெரிக்கச் சத்திர வைத்தியர் இதற்கு இந்தப் பெயரை வைத்தார். நம் சித்த வைத்தியர்கள் கும்பவாதம் என்று சொல்வதும் பெரும்பாலும் இதைத்தான். 40க்கும் 60க்கும் இடைப்பட்டவர்களிடம், அதிலும் பெண்களிடம், கூடுதலாகக் காண்கிறோம். நீரிழிவுக்காரருக்கு வாய்ப்பு மற்றவர்களை விடப் பல மடங்கு. முதலில் சில மாதம் நோ கூடிக்கொண்டே போகும். பிறகு நோ அடங்கி இறுக்கம் மட்டும் நிற்கும். கடைசியில் மெல்ல இளகும். எல்லாம் முடிய ஒன்றிலிருந்து மூன்று வருடம் ஆகலாம். இரவு நோவோடு ஐந்தாம் மாதத்தில் இருக்கும் நீங்கள் இன்னும் முதல் கட்டத்தில்தான் நிற்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூட்டுக்குள் போடும் ஊசிக்குப் பலன் கூடிய காலம் இதுதான். ஒரு வருடம் பொறுத்து, நோ போய்க் கை மட்டும் இறுகிக் கிடக்கும்போது வந்து ஊசி கேட்பவர்களுக்கு அது பெரிதாக உதவுவதில்லை.

அந்த ஊசியில் இருப்பது ஸ்டீரொயிட், பெரும்பாலும் கூடவே கொஞ்சம் விறைப்பு மருந்து. உறையில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியை அது அடக்கும். பலன் சில கிழமைகளில் தெரியும், ஆனால் நிரந்தரம் அல்ல. 2020இல் வெளியான ஒரு பெரிய தொகுப்பாய்வு 65 ஆய்வுகளை ஒன்றாகப் பார்த்தது. குறுகிய காலத்துக்கு மற்ற முறைகளை விட மூட்டுக்குள் போடும் ஸ்டீரொயிட் மேல் என்றுதான் அதிலும் வந்தது.

அன்ரியின் பயம் முழுப் பொய்யும் அல்ல. மாதக்கணக்காக ஸ்டீரொயிட் குளிசை விழுங்குபவர்களுக்கு எலும்பு தேய்வது உண்மை. ஒரே மூட்டில் அடிக்கடி குத்தினால் குருத்தெலும்பும் தசைநாரும் கெடும் என்பதும் உண்மை. ஒரு ஊசி, தேவைப்பட்டால் சில மாதம் விட்டு இன்னொன்று என்பது வேறு கணக்கு. உங்களைப் பொறுத்தவரை எலும்பை விட நான் கவலைப்படுவது சீனியைப் பற்றித்தான். ஊசி போட்ட அன்றோ மறுநாளோ சீனி ஏறத் தொடங்கி, பல நாள் உயரத்தில் நிற்கும். அதனால் போடுபவரிடம் நீரிழிவு இருப்பதை முதலிலேயே சொல்லி, கிளினிக் கொப்பியையும் காட்டுங்கள். ஒரு கிழமைக்கு விரல் குத்திப் பார்க்கும் சோதனையை நாளுக்கு இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். சீனி ஏற்கனவே கட்டுப்பாட்டில் இல்லை என்றால், முதலில் அதை இறக்கிவிட்டுப் போடுவதே புத்தி. காய்ச்சலோ, தோளில் புண்ணோ இருந்தால் அன்று போடக்கூடாது. போட்ட பிறகு மூட்டு சிவந்து, சூடேறி, காய்ச்சலும் வந்தால் ஒரு நாள்கூடப் பொறுக்காதீர்கள்.

இன்னும் இரண்டு ஊசிகள் இருக்கின்றன. உப்புநீரோடு மருந்தையும் சேர்த்துச் செலுத்திச் சுருங்கிய உறையை விரிப்பது ஒன்று. சாதாரணத் தோள்மூட்டு 15 மில்லிலீற்றருக்கு மேல் கொள்ளும், உறைந்த தோள் பத்துக்கும் குறைவாகவே கொள்ளும் என்பதால் வந்த யோசனை அது. தோள்பட்டை எலும்பின் மேலாக ஓடும் நரம்பை விறைக்க வைப்பது மற்றது. இரண்டையும் அனுபவம் உள்ள நிபுணர்தான் செய்யவேண்டும்.

இனித் தம்பியின் ஊசி. அக்குபஞ்சர் நம் நாட்டுக்குப் புதிதல்ல. களுபோவில ஆஸ்பத்திரியில் வைத்தியர் அன்ரன் ஜயசூரிய அதைப் பரப்பிய காலத்திலிருந்தே இங்கே பலருக்குத் தெரியும். தோளைச் சுற்றி மூன்று நான்கு புள்ளிகளிலும், சிலவேளை கெண்டைக்காலுக்கு முன்புறமும் குத்தி, ஊசி இருக்கும்போதே கையை அசைக்கச் சொல்வார்கள். நோ குறைந்து கொஞ்சம் நித்திரை வந்தது என்று சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். அதை மறுக்கத் தேவையில்லை. ஆனால் ஆய்வுகள் சிறியவை, காட்டும் பலனும் குறுகிய காலத்துக்குத்தான். கால் மில்லிமீற்றர் தடிப்புள்ள ஊசியால் தடித்த உறையை இளக்க முடியாது. இயன்மருத்துவர்கள் சிலர் செய்யும் உலர் ஊசியும், அதாவது மருந்தில்லாமல் தசையில் குத்தும் ஊசியும், இப்படித்தான். நோவுக்குப் பயந்து இறுகிப்போன கழுத்துத் தசையும் தோள்பட்டைத் தசையும் அதில் தளரும், உறை தளராது.

அதற்குப் போக ஆசை என்றால் போங்கள், மூட்டு ஊசிக்குப் பதிலாக அல்ல, மேலதிகமாக. பதிவு பெற்ற வைத்தியரா இயன்மருத்துவரா என்று கேளுங்கள். ஊசிப் பக்கற்றை உங்கள் கண்முன்னே உடைக்க வேண்டும். வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமைக் குளிசை எடுப்பவர்கள் முன்கூட்டியே சொல்லவேண்டும். தோள்பட்டைக்குக் கீழே சில சென்ரிமீற்றரில் நுரையீரல் இருக்கிறது. தவறி ஆழமாகக் குத்தினால் காற்று கசியும். குத்திய பிறகு, சில மணித்தியாலம் கழித்தாவது, மூச்சு முட்டினால் அல்லது நெஞ்சு குத்தினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இது அரிது, ஆனால் நடக்காதது அல்ல.

எந்த ஊசியானாலும் அது வாங்கித் தருவது நோ குறைந்த சில கிழமைகளைத்தான். அந்தக் கிழமைகளில் கையை அசைக்காமல் விட்டால் ஊசி வீண். வீட்டுக் கிணற்றில் கப்பி இருக்கிறதா? வாளியைக் கழற்றிவிட்டுக் கயிற்றின் ஒரு முனையை நோவுள்ள கையில் பிடித்து, மறு முனையை நல்ல கையால் இழுங்கள். நோவுள்ள கை தானாக உயரும். கட்டு உயரமாக இருக்கவேண்டும், அதில் சாயாதீர்கள். கிணறு இல்லை என்றால் மாமரக் கிளை போதும். சுவரில் விரல்களால் ஏறுவது, மேசையில் துணியை வைத்து முன்னே தள்ளுவது, தும்புத்தடியை இரு கையாலும் பிடித்து வெளிப்பக்கம் தள்ளுவது எல்லாம் நல்லது. முதலில் பத்து நிமிடம் சுடுநீர் ஒத்தடம். ஒரேயடியாக அரை மணித்தியாலம் செய்வதை விட, நாளுக்கு நான்கு ஐந்து தடவை ஐந்து நிமிடம் மேல். செய்து முடித்த நோ அரை மணித்தியாலத்தில் அடங்காவிட்டால் அளவு கூடிவிட்டது. எண்ணெய் பூசித் தடவுவதில் குற்றமில்லை. ஆனால் கையைப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்துவிடுகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். மயக்க மருந்து கொடுத்துச் செய்யும்போதுகூட எலும்பு முறிந்த சந்தர்ப்பங்கள் உண்டு. அந்த மயக்க முறை, துளை வழிச் சத்திரசிகிச்சை, ஊசியோடு கூடிய இயன்மருத்துவம் மூன்றையும் பிரித்தானியாவில் 503 பேரிடம் ஒப்பிட்டார்கள். ஒன்று மற்றதை விடத் தெளிவாக மேல் என்று வரவில்லை. ஆகவே கத்திக்கு அவசரப்படத் தேவையில்லை.

ஸ்கூட்டி பற்றிக் கேட்டீர்கள். பின் பிறேக் இடது கையில்தான் இருக்கிறது. நாய் குறுக்கே வந்தால் யோசிக்காமல் பிடிக்கவும் ஹாண்டிலைத் திருப்பவும் கை வருகிறதா என்று வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுப் பாருங்கள். நோவில் கை தயங்கினால் இப்போதைக்கு வேண்டாம். ஊசி போடும் அன்று எப்படியும் ஓடக்கூடாது, விறைப்பு மருந்தில் கை சொன்னபடி கேட்காது. யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள்.