எல்லாம் ஒரேயடியாகத் தலையில் விழும்போது: கேள்வி பதில்

மனநல ஆலோசகராக இருக்கிறேன். களைப்பு, ஓய்வு பற்றி நீங்கள் அனுப்பிய கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றை எடுத்துக்கொண்டேன்.

அக்கா, அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஆறு மாதம் ஆகிறது. பகலில் ஆபீஸ், இரவில் அவர். பார்ப்பவர்கள் எல்லாம் "உன்னையும் கவனிச்சுக்கோ" என்கிறார்கள். எப்போது கவனிப்பது?

நேரமே இல்லாதவரிடம் போய் இன்னொரு வேலையைக் கொடுக்கிற பேச்சு அது. எனக்கும் எரிச்சல் வந்திருக்கிறது. முதலில் எதையாவது இறக்கி வையுங்கள். இந்த வாரம் செய்ததையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள்: மாத்திரை கொடுப்பது, உடை மாற்றுவது, பில் கட்டுவது, ஒன்று விடாமல். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'நான்தான்', 'வேறு யாராவது', 'இந்த மாதம் வேண்டாம்' என்று குறியுங்கள்.

என் அம்மா படுக்கையில் கிடந்தபோது மாத்திரை டப்பாவை மூன்று முறை எண்ணுவேன். நான் சாப்பிட்டேனா என்பது நினைவிருக்காது. அப்போது பட்டியல் போட்டதில்தான் தெரிந்தது, தினமும் ஒன்பது சொந்தக்காரர்களுக்குத் தனித்தனியாகப் போனில் நிலவரம் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று. அதை அண்ணன் தலையில் கட்டினேன். மாலையில் முக்கால் மணி நேரம் மிச்சமானது.

அப்புறம், "ஏதாவது உதவி வேணுமா" என்று கேட்பவர்களிடம் "பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். "சனிக்கிழமை ராத்திரி அப்பாகூட இருங்கள், நான் தூங்க வேண்டும்" என்று நாளையும் வேலையையும் சொல்லிக் கேளுங்கள்.

படுத்ததும் செய்யாத வேலைகள் வரிசைகட்டி வருகின்றன. என்ன செய்ய?

எழுதிவிட்டுப் படுங்கள். அமெரிக்காவின் பேலர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. படுக்குமுன் 5 நிமிடம், இனிச் செய்ய வேண்டியதை எழுதியவர்கள், செய்து முடித்ததை எழுதியவர்களைவிட ஏறக்குறைய 9 நிமிடம் முன்னதாகத் தூங்கிப்போனார்கள். விவரமாக எழுதியவர்களுக்கு இன்னும் சீக்கிரம் தூக்கம் வந்தது. சின்ன ஆய்வுதான், ஆனால் ஒரு பேனாவைத் தவிர இதில் செலவு கிடையாது. 'பேங்க் வேலை' என்று எழுதாமல் 'செவ்வாய் 10 மணிக்குப் பேங்க், பாஸ்புக் எடுக்கணும்' என்று எழுதுங்கள்.

அப்படியும் 20 நிமிடம்போலப் புரண்டால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கிய பிறகு படுக்கைக்குப் போகலாம். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள்.

மாலையில் காபி குடிக்காமல் ஓட்ட முடியவில்லை. விட வேண்டுமா?

நேரத்தை மாற்றினால் போதும். உடம்பில் போன காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்குக் குடித்தால் 11 மணிக்கும் பாதி உள்ளே இருக்கும். மதியத்தோடு நிறுத்திப் பாருங்கள்.

ஞாயிறு முழுக்கப் படுத்தே கிடக்கிறேன், கையில் போனோடு. திங்கட்கிழமை இன்னும் களைப்பு.

உடம்புதான் படுத்திருந்தது, கண்ணும் மனமும் நாள் முழுக்க டியூட்டியில் இருந்தன. எது களைத்ததோ அதற்குத்தான் ஓய்வு. நாள் பூராவும் ஸ்கிரீன் முன்னால் இருப்பவருக்கு அரை மணி நடை, ஆட்களோடு பேசிப் பேசி ஓய்ந்தவருக்குக் கதவைச் சாத்திய ஒரு அறை. பகல் தூக்கம் என்றால் 20 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். ஒரு மணி நேரம் தூங்கினால் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவில் எழ நேரும், தலை கனக்கும்.

சும்மா உட்கார்ந்தாலே குற்ற உணர்ச்சி வருகிறது, மேடம்.

வரும். அது போன பிறகு ஓய்வெடுக்கலாம் என்று இருந்தால் நடக்காது. அது பாட்டுக்கு உறுத்தட்டும், நீங்கள் பாட்டுக்குப் படுங்கள்.

இது பர்ன் அவுட்டா, மனச்சோர்வு நோயா?

பர்ன் அவுட்டை உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வேலை சார்ந்த நிலை என்றுதான் வகைப்படுத்தியது, நோய் என்று சொல்லவில்லை. சக்தி வற்றிப்போவது, வேலைமேல் வெறுப்பு, 'என்னால் உருப்படியாக எதுவும் செய்ய முடியவில்லை' என்ற எண்ணம், இந்த மூன்றும் அதன் அடையாளம். வேலையை விட்டு நாலு நாள் தள்ளி இருந்தால் பலருக்குக் கொஞ்சம் மூச்சு வரும். லீவிலும் எதுவும் பிடிக்கவில்லை, பசியும் தூக்கமும் மாறிவிட்டன, பெரும்பாலான நாட்கள் இப்படியே இரண்டு வாரம் போய்விட்டது என்றால் டாக்டரைப் பாருங்கள். ரத்தசோகை, தைராய்டு கோளாறுகூட இதே களைப்பைத் தரும்; ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், அன்றைக்கே போங்கள். போகும்போது வீட்டில் ஒருவரையும் கூட்டிக்கொள்ளுங்கள். அந்த நிலையில் டாக்டர் சொல்வதில் பாதி மனதில் நிற்காது.